அஞ்சலாட்சி ரகசியம் பேசிய கதை

அஞ்சலாட்சிக்கு மெல்லப் பேச வராது. அவள் தொண்டையில் இருந்தது ஒரே ஒரு குரல். கரைக்கு வந்துகொண்டிருக்கும் படகைப் பார்த்து, அலைச் சத்தத்துக்கு மேலே, என்ன மீன் பட்டிருக்கிறது என்று விசாரிக்கிற குரல். வைத்திக்குப்பத்தில் பிறந்து, அதே வைத்திக்குப்பத்தில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு, விடியற்காலையில் ஏலம் எடுத்த மீனை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு வந்து விற்கிறவளுக்கு அதைக் குறைக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. அவள் கூடையில் வஞ்சிரம் இருக்கிறதென்றால் மார்க்கெட்டின் மறுகோடியில் கீரை வாங்குகிறவர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் சக்கரபாணி அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள், "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"மெதுவாத்தான பேசறேன்" என்றாள் அவள்.

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு மகன்களும் வளர்ந்து அப்பாவோடு படகேறப் போய்விட்ட காலத்தில் அந்த வீட்டுக்கு துர்கா வந்து சேர்ந்தாள். அஞ்சலாட்சியின் தம்பி கொளஞ்சியின் மகள். கொளஞ்சி ஐஸ் வைத்த மீன் வண்டியைக் கேரளா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவன். ஒரு வருஷம் உடம்பு இளைத்து வந்து படுத்தான், போனான். அவன் பெண்டாட்டியும் பின்னாலேயே போனாள். மிஞ்சியது ஒரு பெண்குழந்தை, ஒரு பொம்மை, ஒரு கலகலப்பான சிரிப்பு. பொம்பளைப் பிள்ளை இல்லையே என்று ஏங்கிக் கிடந்த அஞ்சலாட்சி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, பிள்ளைக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னபோதும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

துர்காவை மார்க்கெட்டுக்கு எதிர்த் தெருவில் இருக்கும் பள்ளியில் சேர்த்ததற்கு ஒரே காரணம், அத்தையின் கண்ணுக்கு எட்டும் தூரம் என்பதுதான். காதுக்கு எட்டும் தூரம் என்பது பிறகுதான் தெரிந்தது. காலை இரண்டாவது பீரியடில் வகுப்பு கொஞ்சம் அமைதியானால் போதும், ஜன்னல் வழியாக அத்தையின் கூவல் வரும். சங்கரா என்றோ கிழங்கான் என்றோ காதில் விழுந்ததும், ராத்திரிக்கு என்ன குழம்பு என்று துர்காவுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த மருந்து அப்போதுதான் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. துர்கா சதை பிடித்தாள். ஆனால் ராத்திரி போட்டுக்கொள்ளும் மாத்திரையால் காலையிலும் விடாமல் தூக்கம் சொக்கியது. கணக்கு வகுப்பில் தலை சாய்த்துத் தூங்கிப்போனவளை டீச்சர் வெயிலில் நிற்கவைத்தார்.

அன்று மத்தியானம் அஞ்சலாட்சி கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, எலுமிச்சம்பழத் தோல் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்கூடத்தில் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, சொல்வது உங்கள் இஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் தலைமையாசிரியை செல்வாம்பாள் மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சலாட்சிக்குப் போணி செய்கிறவர் அவர்தான். அன்றைய முதல் காசு அவர் கையால் வந்தால் பதினொரு மணிக்குள் கூடை காலியாகிவிடும். அப்படிப்பட்ட கைராசிக்காரர் கெடுதல் செய்யமாட்டார் என்பது அஞ்சலாட்சியின் கணக்கு.

"என்ன அஞ்சலாட்சி, இந்தப் பக்கம்?"

"ரகசியம் டீச்சரம்மா. கதவைச் சாத்துங்க."

செல்வாம்பாள் கதவைச் சாத்தினார். அதனால் ஒரு பயனும் இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் யாரோ ஒருத்தர் குடியிருந்த பெரிய வீடுதான் அந்தப் பள்ளி. ஒரே கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பக்கம் தலைமையாசிரியை அறை, அந்தப் பக்கம் நோட்டுப் புத்தகம் விற்கிற அறை என்று ஆக்கியிருந்தார்கள். பலகை ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஓட்டுக்கூரை வரைக்கும் காற்றுதான்.

அஞ்சலாட்சி தன் வாழ்நாளிலேயே மிக மெதுவான குரலில் பேசினாள். அதாவது, மார்க்கெட்டில் நாலாவது கடையில் சில்லறை கேட்கிற அளவில்.

"அஞ்சாங்கிளாஸ்ல இருக்கற எங்க புள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்குது டீச்சரம்மா. பொறப்புலயே வந்தது. ராத்திரி மாத்திர போட்டா காலைல கண்ணச் சொருவுது. அதுக்குப் போயி வெயில்ல நிக்க வெச்சிட்டாங்களே."

செல்வாம்பாள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, நிஜமாகவே மெதுவாக, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். புள்ள மாத்திர சாப்புடுது, தூங்குனா வுட்டுடுங்கன்னு மட்டும் அந்த டீச்சர்கிட்ட சொல்றேன். என்ன மாத்திரன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்வாசல் வழியாக மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரோடு இருக்க வேண்டியது அதற்குள் மூன்றாவது ஆளுக்குப் போயிருந்தது.

நெல்லித்தோப்பில் அந்தக் குரலை அடையாளம் தெரியாதவர்கள் அபூர்வம். அந்த அபூர்வமானவர்களில் ஒருத்தி சுமலதா. சைவக் குடும்பம். மீன் மார்க்கெட் இருக்கும் தெருவிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பாள். அவள் மகளும் ஐந்தாம் வகுப்புதான். மகளுக்குக் கோடு போட்ட நோட்டு வாங்கப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள், அஞ்சாங்கிளாஸ் என்றதும் எச்.ஐ.வி. என்றதும் காதில் விழ, நோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை செல்வாம்பாள் முன்னால் வந்து நின்றாள். "யார் மேடம் அந்தம்மா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சொல்ல மாட்டேங்க" என்றார் செல்வாம்பாள்.

"பரவால்ல. குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கட்டக் குரல். கேட்டா கண்டுபுடிச்சிருவேன்."

அன்று சாயங்காலமே செல்வாம்பாள் மீன் வாங்குகிற சாக்கில் வந்து அஞ்சலாட்சியிடம் குனிந்தார். "பள்ளிக்கூடம் பக்கம் வந்தா வாயத் தொறக்காத. அன்னிக்கு நீ பேசுனத பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கேட்டுட்டாங்க. உன் குரலைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க."

அன்றிலிருந்து அஞ்சலாட்சி ஊமையானாள். மணியடிக்கும் நேரத்தில் பள்ளிக்கூட கேட்டில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். மார்க்கெட்டில் கூவாமல் மீனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிர்த் தெருவில் காது தீட்டிக்கொண்டு ஒருத்தி திரியும்போது கூவ முடியுமா? "என்னாடி, தொண்டையில முள்ளு சிக்கிக்கிச்சா?" என்று பக்கத்துக் கடைக்காரிகள் கேட்டார்கள். அதற்கும் தலையை ஆட்டினாள். "அத்தை, ரெண்டாவது பீரியட்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது" என்று துர்கா குறைப்பட்டாள். சக்கரபாணி மட்டும் ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டார். எட்டாம் நாள் அவருக்கே பயம் வந்துவிட்டது. "ஏதாவது பேசேன்" என்றார்.

குரல் கிடைக்காததால் சுமலதா சும்மா இருந்துவிடவில்லை. கேட்டில் நின்று ஒவ்வொரு அம்மாவின் பேச்சையும் கேட்டாள். கடைசியில் கமலவேணியின் குரல் அவள் காதில் பட்டது. தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிற கமலவேணிக்கும் கொஞ்சம் கட்டக் குரல்தான், அடுப்புப் புகையில் வாழ்கிற தொண்டை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மகன் ஆகாஷ் நோஞ்சான், அதுவும் ஐந்தாம் வகுப்பு. சுமலதாவுக்கு வேறென்ன வேண்டும்.

அவள் காதுக்குக் காது சொல்லிவைத்ததில் இரண்டே நாளில் ஆகாஷ் கடைசி பெஞ்சுக்குப் போனான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கமலவேணியின் தட்டில் இட்லி ஆவி போய்க் காய்ந்து கிடந்தது.

துர்கா சாயங்காலம் வந்து செய்தி சொன்னாள். "அத்தை, ஆகாஷ்கூட யாரும் ஒக்கார மாட்டேங்கறாங்க. நான் போயி ஒக்காந்துகிட்டேன்."

"ஏன்டி?"

"ஜன்னலாண்ட காத்து சூப்பரா வருது. பெஞ்சும் ஃபுல்லா காலி."

அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாய் போட்ட கல் போய் எங்கேயோ ஒரு பையன் தலையில் விழுந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு அடியில்தான் தன் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்க முடியவில்லை.

அதற்குள் சுமலதாவின் வீட்டுக்காரர் தெய்வநாயகம் களத்தில் இறங்கினார். மின்துறையில் வேலை, பெற்றோர் சங்கத்தில் தலைவர். ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்து முடிவைக் கொண்டுவர வேண்டும், கொண்டுவராதவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்று பேச, வரும் சனிக்கிழமைக்குக் கூட்டம் அறிவித்தார்.

அஞ்சலாட்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே ஆலோசனை சொல்கிற பெண் சத்யப்பிரியா. அஞ்சலாட்சி உள்ளே வந்தாலே ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"டெஸ்ட் எடுத்தாத்தான் ஒக்கார வெப்போம்னு சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அதிகாரம் கெடையாதுக்கா" என்றாள் சத்யப்பிரியா. "கட்டாயப்படுத்தி டெஸ்ட் எடுக்கக் கூடாது, இதச் சொல்லி புள்ளைய வெளிய அனுப்பக் கூடாது. கவர்மென்ட் கொள்கையே அதான்."

"கொள்கைன்னா சட்டமா?"

"இதுக்குன்னு தனிச் சட்டம் இன்னும் வரல. வரும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

"அது வர்ற வரைக்கும் புள்ளைய ஐஸ் பொட்டில வெக்கறதா?"

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கோர்ட்டுக்குப் போலாம்க்கா. ஜெயிக்கவும் செய்யலாம். ஆனா எவ்ளோ மறைச்சாலும் யார் வூட்டுப் புள்ளன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். யாரும் மொதல்ல டெஸ்ட் எடுக்காமப் பாத்துக்குங்க. ஒருத்தர் எடுத்துட்டா எல்லாரும் எடுத்தாகணும். கடைசில எடுக்காம நிக்கிறது யாருன்னு பாத்தாலே போதும்."

முதலில் எடுக்கப் போகிறவள் யார் என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும். நேராக இட்லிக் கடைக்குப் போனாள். கமலவேணி காலி பாத்திரத்தை இன்னொரு தரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசணும் என்று சைகை காட்டி, அவளை டெம்போவில் ஏற்றி, வைத்திக்குப்பம் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போனாள். இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு அந்தப் பக்கம், அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் நிறுத்தினாள். தன் குரலுக்கு உலகத்தில் அந்த ஓர் இடம்தான் அடக்கமான அறை.

"உம் புள்ளைக்கு டெஸ்ட் எடுத்துராதடி."

"ஏன் எடுக்கக் கூடாது? எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு ஊருக்குக் காட்ட வேணாமா? நாளைக்கே எடுக்கப் போறேன்."

"எடுத்தா அடுத்தாப்புல எங்க புள்ளைய எடுக்கச் சொல்லுவாங்க. துர்காவுக்குத்தான் அது இருக்குது."

ஓர் அலை வந்து போனது. கமலவேணி புடவையைத் தூக்கிப் பிடிக்கக்கூட மறந்து நின்றாள்.

"அப்ப அன்னிக்கு டீச்சரம்மா ரூம்ல பேசுனது?"

"நாந்தான்."

"உன் வாயிக்கு எம் புள்ள கடைசி பெஞ்சா? எங்கடையில ஈ ஓட்டறேன், தெரியுமா உனக்கு? ஆகாஷ் ராத்திரி வந்து கேக்கறான், அம்மா நான் செத்துருவனான்னு. இத்தன நாளா பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"இருந்தேன்" என்றாள் அஞ்சலாட்சி.

கமலவேணி ஈரப் புடவையோடு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். எடுப்பேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அஞ்சலாட்சி மீன் வாடையோடு நேராகக் கூட்டத்துக்கு வந்து, வாயை இறுக்கி மூடி உட்கார்ந்தாள். இரண்டு வரிசை முன்னால் சுமலதா. இந்தப் பக்க ஓரத்தில் கமலவேணி, இவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தெய்வநாயகம் எழுந்தார். "இந்த வியாதி கரண்ட் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. தெரியாம ஒருத்தர் தொட்டு, அவரை இன்னொருத்தர் தொட்டா..."

"தொட்டா வராதுங்க சார்" என்றார் செல்வாம்பாள். "ஒண்ணா ஒக்காந்தாலும் வராது. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்புட்டாலும் வராது."

"வராதுன்னே வெச்சிக்குவோம். தெரிஞ்சிக்கறதுல என்ன தப்பு? மடியில கனம் இல்லாதவங்க டெஸ்ட் எடுத்துட்டுப் போகட்டும். யார் மொதல்ல எடுக்கறீங்க?"

எல்லாத் தலைகளும் கமலவேணி பக்கம் திரும்பின. கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

அஞ்சலாட்சி கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் அவள் எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். வாயைத் திறந்தால் சுமலதாவுக்குக் குரல் தெரிந்துவிடும். எப்படிப் போனாலும் துர்காதான். ஆனால் அங்கே எழுந்து நிற்கிறவள் முகத்தைப் பார்த்தபோது, இன்னும் ஒரு நொடிகூட அந்தக் கல்லை அவள் தலையில் வைத்திருக்க அஞ்சலாட்சியால் முடியவில்லை.

"இருங்க" என்றாள்.

இரண்டு வாரமாக அடைத்து வைத்திருந்த குரல். ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்தது.

"எங்கடையில செவுளத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க, நான் ஒண்ணும் சொல்றதில்ல. அது மீனு. விக்க வெச்சிருக்கேன். புள்ளைங்கள யாரும் இங்க கூடையில வெச்சி விக்கல. இல்ல, பாத்துத்தான் ஆவணும்னா பாப்போம். அஞ்சாங்கிளாஸ் புள்ள இத எங்கயும் போயி வாங்கியாராது. பொறக்கறப்ப ஆயி அப்பன் குடுத்தாத்தான் உண்டு. அதனால மொதல்ல அப்பனுங்க வரிசையில நில்லுங்க. ரிசல்ட்ட கேட்டுல ஒட்டுவோம். எங்க வூட்டுக்காரர நாளைக்கே கூட்டியாரேன். சார், நீங்க மொதல்ல வர்றீங்களா, ரெண்டாவதா?"

ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கு வண்டியில் சாவியை விட்டுவந்தது நினைவுக்கு வந்து வெளியே போனார். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது.

"அது வந்து..." தெய்வநாயகம் சட்டைக் காலரைத் தளர்த்தினார். "அதெல்லாம் தனிப்பட்ட விஷயம்மா."

"அதேதான் சார்" என்றார் செல்வாம்பாள். அதற்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார். "புள்ளைங்களுக்கும் அது தனிப்பட்ட விஷயம்தான். நான் யார்கிட்டயும் டெஸ்ட் கேக்கப் போறதில்ல, கேக்க எனக்கு அதிகாரமும் இல்ல. முதலுதவிப் பெட்டில கையுறை வாங்கி வெக்கறேன். எந்தப் புள்ளைக்கு அடிபட்டு ரத்தம் வந்தாலும் போட்டுக்கிட்டுத்தான் தொடைப்போம். உங்க புள்ளைக்கும் சேத்துத்தான். வேற பேச்சு இருக்கா?"

வேறு பேச்சு இல்லை. ஆனால் இரண்டு வரிசை முன்னால் சுமலதா முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அஞ்சலாட்சியின் முகத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. அஞ்சலாட்சியும் பார்வையை எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது.

வெளியே வந்ததும் கமலவேணி அவள் முழங்கையில் இடித்தாள். "நான் எதுக்கு எழுந்தேன்னு நெனச்ச?"

"எடுக்கறேன்னு சொல்லத்தான்."

"மாட்டேன்னு சொல்லத்தான்டி எழுந்தேன். அதுக்குள்ள கத்தித் தொலைச்சிட்ட. நல்ல வாயி உன் வாயி."

அஞ்சலாட்சி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கோவத்துல இருந்தேன். இன்னமும் கோவம்தான். நாளைக்கு நெத்திலி கொண்டா, கொறையுதான்னு பாக்கறேன்."

அன்று முழுவதும் அஞ்சலாட்சி காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் காத்திருந்தாள், நெத்திலியைக் கொடுத்துவிட்டு. யாராவது வந்து உங்கள் பிள்ளையா என்று கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது என்று ஆயிரம் பதில் யோசித்து வைத்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை டெம்போ நெல்லித்தோப்புத் திருப்பத்தில் வேகம் குறைத்தபோது, மீன் கூடைகளுக்கு நடுவிலிருந்து அவள் ஒரு காட்சியைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுகிற கூட்டம் தெரு நிறைய. கமலவேணியின் கடை வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, சுமலதா நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வெளியே தண்ணீர்கூடக் குடிக்காத சுமலதா. சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். கை கழுவிக்கொண்டு, ஆகாஷின் கன்னத்தைத் தட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் போனாள். அடுத்த வாரம் இட்லிக் கடையில் பழையபடி கூட்டம். என்ன நடந்தது என்று மூன்று பெண்களுக்கும் ஒரு தலைமையாசிரியைக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்காக சுமலதா மாறிப்போய்விட்டாள் என்றும் சொல்ல முடியாது. அந்த ஜூனில் தன் மகளை வேறு பள்ளியில் சேர்த்தாள். வீட்டுக்குப் பக்கம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். பக்கம் இல்லை, இன்னும் தூரம். அந்தப் பெண்ணின் கலர் பென்சில் போய்விட்டதே என்று துர்காவுக்கு வருத்தம். "போனவ வாய மூடிக்கிட்டுப் போனாளே" என்றாள் அஞ்சலாட்சி சக்கரபாணியிடம். "எனக்கு அது வரல பாரு."

ஆகாஷை முன் பெஞ்சுக்கு வரச்சொன்னார்கள். அவனும் துர்காவும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். காற்று வருகிற இடத்தை யார் விடுவார்கள்?

சுமலதா இட்லி சாப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில், வகுப்பு கொஞ்சம் அமைதியான நேரத்தில், ஜன்னல் வழியாக அது மறுபடியும் வந்தது. கூரை ஓடு அதிரும்படி, எதிர்த் தெருவிலிருந்து.

துர்கா ஆகாஷின் காதருகே குனிந்தாள். அவளுக்கு மெல்லப் பேச வரும்.

"இன்னிக்கு எங்க வூட்ல சங்கரா" என்றாள். "வர்றியா?"